பாட்டு நம்முடையது, பூட்டு யாருடையது?



போன வாரம் நான்கே வரி எழுதியிருந்தேன். 2012-இல் பதிவு செய்த பாட்டை, அதே சாப்ட்வேரின் புதிய வெர்ஷன் திறக்க மறுக்கிறது, இது என்ன நியாயம் என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுத்தான்: "அப்டேட் பண்ணாம விட்டது அவங்க தப்பு டீச்சர்." சிலர், "டெக்னாலஜின்னா மாறிக்கிட்டேதான் இருக்கும் டீச்சர்" என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள். பாரிசில் இருக்கும் தம்பி ஒருவன், "அக்கா, இதுக்கெல்லாம் போய் ரத்தக் கொதிப்பை ஏத்திக்காதீங்க" என்று எழுதியிருக்கிறான்.

ஏறத்தான் செய்கிறது தம்பி. நான்கு வரியில் சொன்னது புரியவில்லை என்பதால் இப்போது நீளமாகவே எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்துவிட்டு, முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். ஆனால் ஒருவர் சொல்லும் காரணம் காரணமா, சாக்கா என்று கண்டுபிடிக்க அந்த டிப்ளமோ போதும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து நீங்கள் சொன்ன கதைகளை எத்தனை வருடம் கேட்டிருப்பேன்!

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெரியம்மாவை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு என்று அவர் வாயில் ஒரு களஞ்சியமே இருந்தது. சோலை நகரில் மாடி அறை ஒன்றில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்த என் பழைய மாணவன் ஒருவன், 2012-இல் அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்து ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தான். பின்னணிக்குக் கம்ப்யூட்டரிலேயே புல்லாங்குழலும் உறுமியும் சேர்த்தான். சாப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கியிருந்தான். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன். பெரியம்மா 2016-இல் போய்விட்டார்.

இந்த வருடம் அவர் பேரனுக்குப் பாரிசில் பெண் குழந்தை பிறந்தது. கொள்ளுப்பாட்டியின் தாலாட்டைப் பின்னணி இல்லாமல் குரல் மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டான். அது ஐந்து நிமிட வேலை. அந்தப் பழைய ஃபைலைத் திறந்து, மற்ற வாத்தியங்களை நிறுத்திவிட்டு, குரலை மட்டும் எடுக்க வேண்டியதுதான்.

ஃபைல் திறக்கவில்லை. "இது மிகப் பழைய வெர்ஷனில் செய்யப்பட்டது, இடையில் வந்த இன்ன வெர்ஷனில் திறந்து சேமித்துவிட்டு வாருங்கள்" என்கிறது புதிய வெர்ஷன். அந்த இடை வெர்ஷன் இப்போது விற்பனையில் இல்லை. யாரோ வைத்திருந்ததை வாங்கிப் போட்டால், அது கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்கிறது. அந்தச் சர்வர் பதில் சொல்வதில்லை. சர்க்கார் ஆபீசில் "மூணாவது சீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி, மூன்றாவது சீட்டு இரண்டு வருடமாகக் காலியாக இருக்குமே, அதே கதைதான்.

அந்தக் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால், "அதை விட்டுட்டு இதுக்கு மாறுங்க டீச்சர்" என்று இன்னொரு கம்பெனிக்கு விளம்பரம் செய்வீர்கள். ஒரு கடையின் கோளாறு என்றால் கடையை மாற்றலாம். இது சந்தை முழுக்க இருக்கிற கோளாறு.

இப்போது ஒரு சின்னப் பாடம். ஸ்டுடியோக்காரர்கள் புராஜெக்ட் ஃபைல் என்று சொல்வதற்குள் பாட்டு இருக்காது. சமையல் குறிப்பு மாதிரி ஒன்றுதான் இருக்கும். எந்தக் குரல் துண்டு எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எதன் சத்தம் கூட, எதன் சத்தம் குறைய, புல்லாங்குழல் எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் ஊத வேண்டும், இதெல்லாம் அதில் எழுதியிருக்கும். குரல் பதிவுகள் பக்கத்தில் வேறொரு ஃபோல்டரில் துண்டு துண்டாகக் கிடக்கும். புல்லாங்குழல், உறுமி எல்லாம் பிளகின் என்று சொல்லப்படும் தனிச் சாப்ட்வேர்கள், பெரும்பாலும் வேறு வேறு கம்பெனிகள் விற்பவை. கச்சேரிக்குக் கூப்பிட்ட பக்கவாத்தியக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் வந்தாலும் அவர்கள் வராவிட்டால் கச்சேரி இல்லை.

ஆக, என் மாணவன் கையில் மிஞ்சியது என்ன? பெரியம்மாவின் குரல், நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்தான் பெயர். எது இருமல், எது முதல் தடவை பாடியது, எது கடைசியில் சரியென்று எடுத்துக்கொண்டது என்று சொல்லும் ஒரே காகிதம் அந்தத் திறக்காத ஃபைல். கட்டின பூவிலிருந்து நாரை உருவிக்கொண்டு, "உங்க பூ உங்ககிட்டதானே இருக்கு" என்று உதிரியைக் கையில் கொட்டுவது போல இது. ராத்திரி ராத்திரியாகப் பழைய எம்பி3-யைக் கேட்டுக் கேட்டு ஒப்பிட்டு, இரண்டு பாட்டைக் கோத்து முடித்திருக்கிறான். இன்னும் நான்கு இருக்கின்றன. அவன் போட்ட புல்லாங்குழல் மெட்டு ஆறிலும் அந்த ஃபைலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

சரி, உங்கள் பதில்களுக்கு வருவோம்.

"அப்டேட் செய்யாதது தப்பு" என்றீர்கள். அப்டேட் செய்தவர்கள் கதை என்ன ஆயிற்று என்று பார்ப்போமா?

லாஜிக் என்ற சாப்ட்வேரை ஜெர்மனியின் எமாஜிக் கம்பெனி விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் மேக் கம்ப்யூட்டருக்கும் விற்று வந்தது. 2002-இல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது. அந்த வருடமே விண்டோஸ் வெர்ஷனை நிறுத்திவிட்டார்கள். அதுவரை ஒழுங்காக ஒவ்வொரு அப்டேட்டும் வாங்கிய விண்டோஸ்காரர்கள் என்ன தப்பு செய்தார்கள்? ஒன்று கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் பாட்டை விட வேண்டும்.

நம்மூர்ப் பிள்ளைகள் பலர் கற்றுக்கொண்ட கேக்வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அதைக் கிப்சன் வாங்கியது. 2017 நவம்பரில், இனி இதைத் தயாரிக்க மாட்டோம் என்று அறிவித்தது. 2018-இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் வாங்கி இலவசமாகக் கொடுத்ததால் பிழைத்தது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் இடையில் இருந்த அந்த மூன்று மாதம், வாழ்நாள் முழுக்க அப்டேட் உண்டு என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நம் பாட்டு பிழைப்பதும் சாவதும் எவனோ ஒருவன் கம்பெனியை வாங்குகிறானா இல்லையா என்பதைப் பொறுத்து இருக்கலாமா?

2019 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட கேடலினா என்ற மேக் வெர்ஷனில் 32 பிட் சாப்ட்வேர் எதுவும் ஓடாது. அதோடு எத்தனையோ பழைய பிளகின்கள் ஊமையாகிவிட்டன. அவற்றில் பலவற்றைச் செய்த கம்பெனிகளே அப்போது இல்லை. இல்லாத கம்பெனியிடம் எந்த அப்டேட்டை வாங்குவது? கம்ப்யூட்டரை அப்டேட் செய்ததால்தான் இவர்கள் பாட்டை இழந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். செய்யாவிட்டால் அது தப்பு, செய்தால் இது வினை. இரண்டு பக்கமும் அடி விழுந்தால் மத்தளத்தையா குறை சொல்வது?

இப்போது, காசு கொடுத்து வாங்கினான் என்று தனியாகச் சொன்னதற்கு வருகிறேன். திருட்டுக் காப்பி போடும் பிள்ளைகளே, நீங்கள் செய்வது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் நேர்மையாகப் பணம் கட்டியவன் சர்வர் வாசலில் நிற்கிறான், பூட்டை உடைத்த காப்பி வைத்திருப்பவன் இன்றும் பழைய ஃபைலைத் திறந்துகொண்டிருக்கிறான். நேர்மையானவனைத் தண்டிக்கிற ஏற்பாட்டை எந்த வகுப்பில் நியாயம் என்று சொல்லிக் கொடுப்பேன்?

இரண்டாவது பதில், "டெக்னாலஜி மாறத்தான் செய்யும்." மாறட்டும். மாறுவதற்கும் பழையதை வெளியே தள்ளுவதற்கும் சம்பந்தம் இல்லை. அதே இசைத் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது.

1983-இல் அமெரிக்காவில் ஒரு வாத்தியக் கண்காட்சி. போட்டிக் கம்பெனிகளான சீக்வென்ஷியலும் ரோலண்டும் தங்கள் கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்துக் காட்டின. ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடியது. அந்தப் பொது மொழிக்குப் பெயர் மிடி. டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷி இருவரும் முன்நின்று செய்தது அது. இதற்காக 2013-இல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். எந்தக் கம்பெனியும் அதைத் தன் பெட்டிக்குள் பூட்டிக்கொள்ளவில்லை. முப்பத்தேழு வருடம் கழித்து, 2020-இல் மிடி 2.0 வந்தபோதும் பழைய கருவிகளோடு பேசும்படிதான் செய்தார்கள். குரலைச் சேமிக்கும் வேவ் ஃபைலும் அப்படித்தான். 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்தது, இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது. பெரியம்மாவின் குரல் துண்டுகளாவது மிஞ்சியது அந்தப் புண்ணியத்தால்தான்.

ஆக, முடியாது என்பது பொய். முடியும், மனம் இல்லை என்பதுதான் உண்மை. ஃபைல் எல்லா இடத்திலும் திறந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். திறக்காவிட்டால், பழைய பாட்டுக்காகவாவது வருடாவருடம் புது வெர்ஷனுக்குப் பணம் கட்டுவார். அடகுக் கடைக்காரராவது நாம் வாங்கிய கடனுக்கு வட்டி கேட்கிறார். இவர்கள் நம் பொருளை நம்மிடமே காட்ட வாடகை கேட்கிறார்கள்.

இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே ஒரு தடவை படித்திருக்கிறோம். தமிழ் டைப்பிங் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கம்ப்யூட்டரில் அடித்த அரையாண்டு வினாத்தாளை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிளறின மாதிரி வரும். கடைக்கு ஒரு ஃபான்ட், பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட். அப்போதும், "நீங்க எங்க ஃபான்டை வாங்காதது உங்க தப்பு" என்றுதான் சொன்னார்கள். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி ஒரு பொது முறைக்கு முயற்சி நடந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்று முத்தியால்பேட்டையில் நான் அடிப்பது கனடாவில் எழுத்து மாறாமல் தெரிகிறது என்றால், மாறத்தான் செய்யும் என்று எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை என்பதால்தான்.

மூன்றாவது பதில், நம் இன்ஜினியர் மாணவர்களுடையது. "எம்பி3 இருக்குல்ல டீச்சர், ஏஐ குரலைப் பிரிச்சுக் குடுத்துடும்." பிரித்துப் பார்த்தோம். நன்றாகவே பிரிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புல்லாங்குழல் மேலேறும் இடத்தில் குரல் கொஞ்சம் தேய்கிறது. பெரியம்மா மூச்சு வாங்கும் இடம் சில வரிகளில் காணாமல் போகிறது. தாலாட்டில் அந்த மூச்சுத்தான் அவர். சொந்த வீட்டுப் பெட்டியில் இருக்கும் பொருளை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு இயந்திரம் ஊகித்துச் செய்துகொடுக்க, நாம் அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

இது ஏதோ ஒரு வீட்டுத் தாலாட்டுக்காகப் போடும் சண்டை என்று நினைக்காதீர்கள். சினிமாக்காரர்களிடம் பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாப்ட்வேரோடு அப்படியே வைத்துக் காப்பாற்ற இடமும் பணமும் இருக்கும். 1992-இல் ரோஜா வந்த பிறகு, வீட்டோடு ஸ்டுடியோ வைத்தே இசையமைக்கலாம் என்ற ஆசை ஊருக்கு ஊர் பிடித்துக்கொண்டது. அந்த ஆசையால் நமக்குக் கிடைத்தது பெரிய சொத்து. அம்மன் கோயில் திருவிழாப் பாட்டு, மாதா கோயில் கொயர், தெருக்கூத்து வாத்தியாரின் விருத்தம், ஒப்பாரி, பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு எல்லாம் முதல்முறையாகப் பதிவாகியது இந்த மாடி அறைகளில்தான். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அந்த ஃபைல்கள் வருடத்துக்கு ஒரு வெர்ஷன் பின்தங்கி, ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொண்டிருக்கின்றன. இதற்கு எந்தப் பேப்பரில் செய்தி வரும்?

நம் ஊரையே பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்து 85 வருடம் கழித்து, 1846-இல், ஒரு பிரெஞ்சுக்காரர் அதை அவர் வீட்டில் கண்டெடுத்தார். எடுத்தார், தமிழ் தெரிந்தவர்கள் படித்தார்கள். எந்த வெர்ஷனில் எழுதினீர்கள் என்று அந்தக் காகிதம் கேட்கவில்லை. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. பனை ஓலை நூற்றாண்டுகள் தாண்டி வாய் திறக்கிறது. இளையராஜா பேனாவால் ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதுபவர் என்பது உங்களுக்குத் தெரியும். அது எல்லா நாட்டு வாத்தியக்காரர்களுக்கும் தெரிந்த பொது எழுத்து. அதனால்தான் 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவால் அவர் சிம்பொனியை வாசிக்க முடிந்தது. ஓலையும் பேனாவும் செய்ததை, கோடிக் கணக்கில் முதல் போட்ட கம்பெனி செய்ய முடியாது என்றால் அது நம் காதில் பூ சுற்றுவது.

கத்தினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஆகும். நொட்டேஷன் எழுத உலகம் முழுக்கப் பயன்பட்ட ஃபினாலே என்ற சாப்ட்வேரை, 35 வருடத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் அதன் கம்பெனி நிறுத்தியது. ஒரு வருடத்துக்குப் பிறகு புதிய கம்ப்யூட்டரில் அதை இயக்க அனுமதி கிடைக்காது என்றும் முதலில் அறிவித்தார்கள். இசைக்காரர்கள் எல்லாப் பக்கமிருந்தும் பிடித்துக்கொண்டார்கள். உடனே இறங்கிவந்து, அனுமதி தொடரும் என்று மாற்றி அறிவித்தார்கள். 2023-இல் பிட்விக், ப்ரீசோனஸ் என்ற இரண்டு கம்பெனிகள் டிஏடபிள்யூ புராஜெக்ட் என்று ஒரு பொது ஃபைல் முறையை வெளியிட்டன. ஒரு சாப்ட்வேரில் செய்ததை இன்னொன்றில் திறக்க அது ஒரு வழி. பிறகு கியூபேஸும் சேர்ந்துகொண்டது. மற்றவர்களையும் சேரச் சொல்லிக் கேட்க வேண்டியது, பணம் கட்டும் நீங்கள்.

நான் கேட்பது பெரிய வரம் இல்லை. ஒரு வெர்ஷனை நிறுத்தும்போது, அதை வாங்கினவர் சர்வர் அனுமதி இல்லாமலே இயக்கும்படி பூட்டைத் திறந்துவிட்டுப் போங்கள். பழைய ஃபைலை எப்படிப் படிப்பது என்ற விவரத்தை வெளியிடுங்கள். இந்த இரண்டும் போதும்.

அவர்கள் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் பிள்ளைகளே, பாட்டு முடிந்த அன்றே, பணம் வாங்கும் முன், இதைச் செய்யுங்கள்:

1. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கினால், எந்தச் சாப்ட்வேரில் போட்டாலும் சரியாக உட்காரும்.

2. கீபோர்டில் வாசித்த மெட்டுகளை மிடி ஃபைலாகவும் எடுங்கள். பிளகின் செத்தாலும் சுரம் சாகாது.

3. வேகம், சுருதி, சாப்ட்வேர் பெயர், வெர்ஷன், பிளகின்களின் பெயர்கள், பாடியவர் பெயர், தேதி இவற்றைச் சாதாரண எழுத்து ஃபைலில் எழுதுங்கள். பாட்டு வரிகளையும் சேருங்கள். ஒரு பிரிண்ட் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

4. எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

உறவினர்களே, நீங்கள் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ பாட்டு செய்யச் சொன்னால், எம்பி3 மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். "ட்ராக் தனித்தனியா வேவ்ல குடுப்பா" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நிலம் வாங்கினால் பத்திரம் கேட்கிறோம் இல்லையா?

அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம் மாதிரி இசை சொல்லித்தரும் இடங்களில் வேலை பார்க்கும், படிக்கும் என் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். எந்த பட்டனை அழுத்துவது என்பதோடு, பாட்டை எப்படிப் பாதுகாத்து வைப்பது என்பதும் பாடத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். அரசுப் பணத்தில் பதிவாகும் எந்த நாட்டுப்புறப் பாட்டும் பொது முறையிலான ஃபைலாகவும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்குச் செலவு ஒன்றும் கிடையாது.

இலவசச் சாப்ட்வேருக்கு மாறச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். முடிந்தவர்கள் மாறுங்கள். ஆர்டர், ஆடாசிட்டி எல்லாம் நல்ல சாப்ட்வேர்கள். ஆடாசிட்டியும் 2021-இல் ஃபைல் முறையை மாற்றியது, பழைய வெர்ஷனால் புதிய ஃபைலைத் திறக்க முடியாது. ஆனால் புதியது பழையதைத் திறக்கிறது. அதன் உள்விவரம் எல்லோருக்கும் திறந்து கிடப்பதால், நாளைக்கு யாரும் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகளில் ஒருவனே உட்கார்ந்து வழி கண்டுபிடிக்கலாம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக வீட்டுப்பாடம். ரிடையர் ஆனாலும் வீட்டுப்பாடம் கொடுக்கும் உரிமை எனக்கு இருக்கிறது. இசையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்து வருடத்துக்கு முந்தைய ஃபைல் ஒன்றை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்ததா, பாதி திறந்ததா, திறக்கவே இல்லையா என்று கீழே எழுதுங்கள். திறந்தால் அன்றைக்கே வேவ்வாக எடுத்துவிடுங்கள். திறக்காதவர்கள் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எனக்கும் ஒரு நகல் வரட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.